ரா கோப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேமராவை ரா முறைக்கு, அதாவது சென்சார் அளந்ததை ஜேபெக் படமாக்காமல் அப்படியே சேமிக்கும் முறைக்கு, மாற்றியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "எடிட் பண்ண எதை வாங்கலாம்? மாசாமாசம் சந்தா கட்டித்தான் ஆகணுமா?" கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. முதல் சில மாதங்களுக்குக் காசே செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால், "இலவசமா நாலு இருக்கு, ஏதாவது ஒன்றை இறக்கிக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடவும் மனசு வருவதில்லை. இந்த மென்பொருள்களுக்கு விலைப்பட்டியலில் வராத இன்னொரு விலை உண்டு. ஐந்தாறு வருடம் ஒன்றிலேயே எடிட் செய்துவிட்டு, பிறகு வேறொன்றுக்குப் போக நினைக்கும்போதுதான் அது தெரியவரும். ஒரு மென்பொருள் மலிவா இல்லையா என்பதை நான் அந்த வெளியேறும் செலவை வைத்துத்தான் கணக்கிடுகிறேன்.

அதைப் பேசுவதற்கு முன், ரா கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரியாமல் கடை கடையாக ஏறினால், யார் சத்தமாக விளம்பரம் செய்கிறார்களோ அவர்களுடையதைத்தான் வாங்கி வருவோம்.

சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டும் அளக்கும். நிறம் பிரிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அடுக்கு முறை இது. பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மிச்சத்துக்கு நீலம். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் அதில் பச்சையை அளப்பது 12 மில்லியன்தான். சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா 6 மில்லியன். ஒவ்வொரு பிக்சலிலும் அளக்கப்படாத மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள்தான் கணக்கிட்டு நிரப்புகிறது. டீமொசைக்கிங் என்பது இதைத்தான். திரையில் நாம் பார்க்கிற நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு மென்பொருளின் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம். ஒரே ரா கோப்பை இரண்டு மென்பொருளில் திறந்தால் இலைகளின் ஓரமும் துணியின் நெசவும் சற்றே வேறுபட்டுத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பிட் கணக்கு. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள். 12 பிட் ரா கோப்பில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384. உடனே "அப்போ ரா 64 மடங்கு உசத்தி" என்று வகுத்துவிடக் கூடாது. ஜேபெக் தன்னிடம் இருக்கும் 256-ஐ நம் கண்ணுக்கு ஏற்றபடி சாமர்த்தியமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. ஆனால் இருட்டில் கிடக்கும் ஒரு முகத்தை மேலே தூக்கப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். ஜேபெக்கில் கன்னம் திட்டுத்திட்டாகப் பிரியும். ராவில் நாய்ஸ், அதாவது மணல் தூவியது மாதிரியான புள்ளிகள், கொஞ்சம் எழும்பும், அவ்வளவுதான்.

இப்போது, புதிதாக வருகிறவர்களில் பலர் திரும்பி ஓடுகிற இடத்துக்கு வருவோம். கேமராவின் பின்திரையில் படம் பளிச்சென்று இருக்கிறது. கணினியில் இறக்கி, இலவச மென்பொருளின் பட்டியலில் பார்த்தாலும் பளிச்சென்றுதான் இருக்கிறது. எடிட் செய்யக் கிளிக் செய்ததும் ஒரு நொடியில் முகம் வெளிறி, வானம் சாம்பல் பூத்து, படமே சோகையாகிவிடுகிறது. "இலவசம்னா இப்படித்தான்" என்று மூடிவிட்டுச் சந்தா கட்டப் போய்விடுகிறார்கள்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமராவே தயாரித்த ஒரு சின்ன ஜேபெக் ஒளிந்திருக்கிறது. பின்திரையில் தெரிவதும், பட்டியலில் முதலில் தெரிவதும் அதுதான். கேமரா நிறுவனம் தன் ருசிக்கு ஏற்றபடி கான்ட்ராஸ்ட் ஏற்றி, நிறம் கூட்டி, கூர்மை சேர்த்துத் தயாரித்த பதிப்பு. எடிட் பக்கத்துக்குப் போனதும் மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டு, சென்சார் அளந்த எண்களிலிருந்து தானே படத்தை உருவாக்குகிறது. கேமராவின் ருசி அதற்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடோபியின் லைட்ரூம் போன்ற கட்டண மென்பொருள்கள் ஒவ்வொரு கேமராவின் நிறத்துக்கும் தனித்தனியாகப் புரொஃபைல் செய்து வைத்திருப்பதால் அங்கே இந்த அதிர்ச்சி குறைவு. நாம் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இந்த வேலைக்குத்தான் போகிறது. அது நியாயமான காசுதான். ஆனால் அந்த வேலையை இலவசமாகவே செய்துதரும் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பலரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உங்கள் கேமராவைச் செய்த நிறுவனத்தைச் சொல்கிறேன். கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபஷனல், நிகானுக்கு 2021-இல் வந்த என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ், பழைய ஒலிம்பஸுக்கும் இன்றைய ஓஎம் சிஸ்டத்துக்கும் ஓஎம் ஒர்க்ஸ்பேஸ். எல்லாம் இலவசம். சிலவற்றை இறக்கும்போது கேமராவின் சீரியல் எண்ணைக் கேட்கலாம், அவ்வளவே. கேமராவுக்குள் நீங்கள் தேர்ந்தெடுத்த பிக்சர் ஸ்டைல் அப்படியே இங்கும் வரும். தோலின் நிறம், வானத்தின் நீலம் எல்லாம் பின்திரையில் பார்த்தபடியே இருக்கும். ஒயிட் பேலன்ஸை மாற்ற, எக்ஸ்போஷரை ஏற்றி இறக்க, கோணல் நிமிர்த்த, வெட்டி ஜேபெக் எடுக்க இது போதும். ராவில் எடுக்கிற முக்கால்வாசிப் பேருக்கு முக்கால்வாசி நாள் தேவைப்படுவது இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

குறை இல்லாமலா? மெதுவாக ஓடும். பட்டன்கள் யாருக்காக அடுக்கப்பட்டன என்றே புரியாது. முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து வெளிச்சம் கூட்டுவது மாதிரி நுணுக்கமான வேலைக்கு லாயக்குப்படாது. பெரிய குறை, அந்த நிறுவனத்தின் கோப்புகளை மட்டுமே திறக்கும் என்பது. ஃபுஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டுடியோ இதில் ஒரு படி மேலே போய்விட்டது. கேமராவை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால்தான் அது வேலையே செய்யும், ஏனென்றால் கணக்குப் போடுவது கேமராவுக்குள் இருக்கும் சிப். இதனால் பழைய கணினியில்கூட வேகமாக ஓடும், நிறமும் கேமராவில் வந்தபடியே அச்சாக வரும். ஆனால் படம் எடுத்த அதே மாடல் கையில் இருக்க வேண்டும். கேமராவை விற்ற நாளோடு அந்தப் படங்களுக்கு அந்த மென்பொருள் போச்சு. வெளியேறும் செலவு என்று நான் சொல்வதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

சரி, அந்தச் செலவையே கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம்.

ரா கோப்பை எந்த எடிட்டிங் மென்பொருளும் உண்மையில் திருத்துவதில்லை. எக்ஸ்போஷரை இவ்வளவு ஏற்று, இந்த மூலையை இருட்டாக்கு, இங்கே வெட்டு என்று நீங்கள் சொன்னதையெல்லாம் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறிப்பை எங்கே எழுதுகிறது என்பதில் ஆளாளுக்கு ஒரு வழி. இலவச மென்பொருளான டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பு ஒன்றை வைக்கும். இன்னொரு இலவச மென்பொருளான ராதெரபி பிபி3 என்ற கோப்பை வைக்கும். அதைச் சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். கேனன் மென்பொருள் ரா கோப்புக்குள்ளேயே ரெசிபி என்று சேர்த்து எழுதிவிடும். லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற ஒரே தரவுத்தளத்தில் போடும்.

கோப்பு திறந்த வடிவத்தில் இருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஒரு மென்பொருளின் குறிப்பு இன்னொன்றுக்கு அர்த்தமாகாது. இதில் ஷேடோவை 40 ஏற்றினால் வருவதும் அதில் 40 ஏற்றினால் வருவதும் வேறு வேறு, கணக்கே வேறு. நட்சத்திர மதிப்பெண், குறிச்சொற்கள், தலைப்பு இவையெல்லாம் பத்திரமாக இடம் மாறும். லைட்ரூமின் எக்ஸ்எம்பியில் இருக்கும் சில அடிப்படைத் திருத்தங்களை டார்க்டேபிள் ஓரளவு வாசித்துக்கொள்ளும். மற்றபடி, ராத்திரி கண் விழித்து நகர்த்திய ஸ்லைடர்கள் எல்லாம் பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் கிளம்புகிறவர் என்ன செய்வார்? முடித்த படங்களை 16 பிட் டிஃப் கோப்புகளாக எடுத்துக்கொண்டு போகலாம். 24 மில்லியன் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட். பெருக்கிப் பார்த்தால் சுருக்காத ஒரு படம் 144 எம்பி. ஆயிரம் படம் என்றால் 144 ஜிபி. அத்தனைக்கும் பிறகு அது ரா இல்லை. ஒயிட் பேலன்ஸ் உள்ளே உறைந்துபோன படம்.

யாரும் விரும்பி இப்படிக் கிளம்புவதில்லை, கிளப்பப்படுகிறார்கள். ஆப்பிளின் அப்பர்ச்சர் என்ற எடிட்டிங் மென்பொருள் 2005-இல் வந்தது. தொழில்முறைக் கலைஞர்கள் பலர் அதை நம்பித் தங்கள் முழுச் சேகரிப்பையும் அதற்குள் வைத்திருந்தார்கள். 2014-இல் இனிமேல் வளர்க்கப் போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது, அடுத்த வருடம் விற்பனையும் நின்றது. மேக்ஓஎஸ் மொஹாவிக்குப் பிறகு வந்த பதிப்புகளில் அது ஓடவே ஓடாது. கூகுளின் படத் தொகுப்பு மென்பொருளான பிக்காசா 2016-இல் நிறுத்தப்பட்டது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய கடைசி லைட்ரூம் 2015-இல் வந்த ஆறாம் பதிப்பு. 2017-ஓடு அதற்கான மேம்பாடுகள் நின்றன. போட்டோஷாப் எலிமென்ட்ஸ் ரொம்ப நாள் ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்தது, 2024 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து மூன்று வருட உரிமமாகிவிட்டது. எதிர்த்திசையிலும் நடக்கிறது. அஃபினிட்டி மென்பொருளைச் செய்த செரிஃப் நிறுவனத்தை 2024-இல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இன்று இலவசம் என்பதில் சந்தோஷம். நாளைக்கும் இலவசமாகவே இருக்குமா என்பது அந்த நிறுவனத்தின் கையில்.

லைட்ரூமைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவை நிறுத்திய மறுநாளே படங்களைப் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு பயம் உலவுகிறது. லைட்ரூம் கிளாசிக்கில் அப்படியில்லை. கேட்டலாக்கைத் திறக்கலாம், படங்களைத் தேடலாம், பழைய எடிட்களோடு ஏற்றுமதியும் செய்யலாம். டெவலப் பகுதியும் மேப் பகுதியும் மட்டும்தான் வேலை செய்யாது. புதிதாக எடிட் செய்ய முடியாது, பழையது போகாது. சந்தா மென்பொருள்களில் இது மரியாதையான ஏற்பாடு.

திறந்த மூல மென்பொருள்களின், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்களின், கதை வேறு மாதிரி. அதை டீசிராவிலிருந்து தொடங்க வேண்டும். 1997-இல் டேவ் காஃபின் என்ற நிரலாளர் தன் கேமராவின் ரா கோப்பைத் திறக்க டீசிரா என்று சின்னதாக ஒரு நிரல் எழுதினார். பிறகு ஒவ்வொரு கேமராவாகச் சேர்த்துக்கொண்டே போனார். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் ரா வடிவத்தை வெளியே சொல்வதில்லை. பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அவர் அதை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மென்பொருள்கள் அதன் மேல் எழுந்தன. அதிலிருந்து கிளைத்த லிப்ரா இன்றும் பலவற்றுக்கு அடித்தளம். காஃபின் ஓய்வெடுத்தும் வேலை நிற்கவில்லை என்பதுதான் இதில் விஷயம்.

ராதெரபியை 2004 வாக்கில் காபோர் ஹோர்வாத் தொடங்கினார். 2010-இல் மூல நிரல் திறந்துவிடப்பட்டது. டார்க்டேபிளை 2009-இல் யோகன்னஸ் ஹனிகா தொடங்கினார். முதலில் லினக்ஸ்காரர்களின் சொத்தாக இருந்தது, 2017 இறுதியில் விண்டோஸுக்கும் வந்தது. இரண்டில் எது என்று கேட்டால் என் பதில் கேட்பவரைப் பொறுத்தது.

ஒவ்வொரு படமாக உட்கார்ந்து செதுக்குகிறவர் என்றால் ராதெரபி. முன்னே சொன்ன சோகை பிடித்த படப் பிரச்சினைக்கு அதில் அழகான ஒரு தீர்வு இருக்கிறது. ஆட்டோ மேட்ச்டு டோன் கர்வ் என்ற பட்டனை அமுக்கினால், ரா கோப்புக்குள் ஒளிந்திருக்கும் கேமரா ஜேபெக்கைப் பார்த்து அதே கான்ட்ராஸ்டைத் தானே வரவழைத்துக்கொள்ளும். அங்கிருந்து நம் வேலையைத் தொடங்கலாம். டீமொசைக்கிங் முறையைக்கூட நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஃபுஜிஃபில்மின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சார், பேயர் முறையை விட்டுவிட்டு ஆறுக்கு ஆறு கட்டத்தில் நிறங்களை அடுக்குவது. அந்தக் கோப்புகளில் இலைதழைகளைத் தெளிவாகக் கொண்டுவருவதில் ராதெரபி கெட்டிக்காரத்தனம் காட்டும். நூற்றுக்கணக்கான படங்களைப் பிரித்து அடுக்கித் தேடும் வசதி மட்டும் அதில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஸ்லைடர்களின் கூட்டம் மிரட்டினால், அதிலிருந்து பிரிந்து வந்த ஏஆர்டி கொஞ்சம் எளிமையானது.

நான் தினமும் திறப்பது டார்க்டேபிள். அதைப் பழகுவது கஷ்டம் என்று சொல்வார்கள். உண்மைதான். அந்தக் கஷ்டத்தில் பாதி, லைட்ரூம் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதால் வருகிறது என்பேன். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

ஜன்னல் ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பகல் நேரம். ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக்கட்டும் வெயில், முகம் நிழலில். கேமரா இரண்டுக்கும் நடுவில் ஓர் எக்ஸ்போஷரைப் போட்டிருக்கிறது. லைட்ரூம் பழகியவர் என்ன செய்வார்? ஹைலைட்டைக் கீழே இழுப்பார், ஷேடோவை மேலே தள்ளுவார், மாறி மாறி இதையே செய்வார். டார்க்டேபிளில் நான் முதலில் எக்ஸ்போஷரைத் திறந்து முகம் சரியாகும் வரை ஏற்றிக்கொண்டே போவேன். ஜன்னல் முழுக்க வெளுத்துப் போகும். போகட்டும். ஜன்னலைப் பார்க்கவே கூடாது. முகம் சரியான பிறகு சிக்மாய்டு பகுதிக்கு வருவேன். திரைக்கு அடங்காமல் வெளியே வழிகிற வெளிச்சத்தையெல்லாம் மெல்ல வளைத்து உள்ளே கொண்டுவருவது அதன் வேலை. வெளுத்ததாகத் தோன்றிய ஜன்னலில் திரைச்சீலையின் மடிப்புகள் திரும்பி வரும். இடையில் எந்தத் தகவலும் தொலையவில்லை, திரையில் இடமில்லாமல் ஒதுங்கி நின்றது, அவ்வளவுதான். இதற்கு மேலும் ஜன்னல் அதிகமாகப் பட்டால் அதன்மேல் ஒரு மாஸ்க் வரைந்து, அதாவது அந்த இடத்தை மட்டும் பிரித்து, இன்னொரு எக்ஸ்போஷரால் அரை ஸ்டாப் இறக்குவேன். முடிந்தது.

அதே ஜன்னலின் நட்டநடுவில் ஒரு இடம் மட்டும் எதற்கும் மசியாது. சென்சாரே நிரம்பி வழிந்த இடம் அது. சுற்றி ஓர் இளஞ்சிவப்பு விளிம்புகூடத் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் பச்சைப் பிக்சல்கள்தான் முதலில் நிரம்பும். ஒயிட் பேலன்ஸுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது அவை பச்சையைத் தாண்டிப் போய்விடுகின்றன, பச்சை மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சிவப்பும் நீலமும் தூக்கலாகிவிட்டால் கண்ணுக்குத் தெரிவது மெஜென்டா. இந்த இடத்தை ஒவ்வொரு மென்பொருளும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தாலே அதன் தரம் பாதி தெரிந்துவிடும். விளம்பரப் படங்களில் இந்த இடத்தைக் காட்டவே மாட்டார்கள்.

டார்க்டேபிளில் மாட்யூல்கள் எனப்படும் தனித்தனிக் கருவிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள்தான் களைத்துப் போகிறார்கள். எக்ஸ்போஷர், கலர் கேலிபரேஷன், சிக்மாய்டு, லென்ஸ் கரெக்ஷன், நாய்ஸுக்கு டீநாய்ஸ் புரொஃபைல்டு, வெட்டுவதற்கு கிராப். இந்த ஆறையும் தாண்டி நான் போவது அபூர்வம். இடது மூலை வலது மூலை எல்லாம் நோண்டிப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் ஆயுசு போதாத அளவு தீனி உள்ளே இருக்கிறது, அது வேறு விஷயம்.

பாராட்டிக்கொண்டே போனால் சந்தேகம் வரும், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடுமையான நாய்ஸ் விஷயத்தில் இலவச மென்பொருள்கள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 6400-க்கு மேல், மங்கலான அரங்கத்தில் எடுத்த படங்கள் என்று வரும்போது, டிஎக்ஸ்ஓ நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த டீப் பிரைம் வேறு உலகம். டீமொசைக்கிங், நாய்ஸ் நீக்கம் இரண்டையும் ஏஐ வகையைச் சேர்ந்த நரம்பு வலையமைப்பின் மூலம் ஒன்றாகச் செய்கிறது. இதற்காகக் காசு கொடுக்கலாமா? தாராளமாக. அதிலும் அவர்களின் முழு எடிட்டரான போட்டோலேப்பை வாங்காமல் ப்யூர் ரா மட்டும் வாங்கலாம் என்பேன். ரா கோப்பை வாங்கிக்கொண்டு, நாய்ஸ் நீக்கி, லென்ஸ் குறைகளைத் திருத்தி, டிஎன்ஜி என்ற பொது வடிவக் கோப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அதை எந்த மென்பொருளிலும் திறந்து மேற்கொண்டு எடிட் செய்யலாம். நம் குறிப்புகள் எதையும் அது தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அடுத்த வருடம் பிடிக்கவில்லையென்றால் கழற்றி விட்டுவிடலாம், ஏற்கெனவே எடுத்த டிஎன்ஜிகள் நம்மிடமே இருக்கும்.

புகைப்படம்தான் தொழில் என்றால் நான் பேச்சை மாற்றிக்கொள்வேன். ஒரே நாளில் எண்ணூறு படம் பிரித்து, திருத்தி, வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியவருக்கு நேரம்தான் காசு. முகம், உடல், பின்னணி என்று ஒரே கிளிக்கில் மாஸ்க் போட்டு, அதை மொத்தத் தொகுப்புக்கும் ஒட்டுவதில் லைட்ரூம் மிச்சப்படுத்தும் மணிநேரத்துக்கு முன்னால் சந்தா ஒன்றுமில்லை. கேப்சர் ஒன் என்ற மென்பொருளும் அதே ரகம், ஸ்டுடியோவில் கேமராவைக் கேபிளில் மாட்டி எடுப்பவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருபது படம் எடுத்து அதில் மூன்றை எடிட் செய்பவருக்கு இந்த வேகம் எதற்கு?

"ஒருமுறை வாங்கினால் போதும்" வகை மென்பொருள்களில் ஒரு கண்ணி இருக்கிறது. மென்பொருள் பழசாகாது, ஆனால் நீங்கள் புதுக் கேமரா வாங்குவீர்கள். அதன் ரா கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது, மேம்படுத்தக் காசு கேட்கும். இதற்கு ஒரு பக்கவழி உண்டு. அடோபி 2004-இல் டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்தை வெளியிட்டது. புதுக் கேமராவின் ரா கோப்புகளை டிஎன்ஜியாக மாற்றும் கன்வெர்ட்டரை இன்றும் இலவசமாகவே கொடுக்கிறது. மாற்றிய கோப்பைப் பல பழைய மென்பொருள்கள் மறுபேச்சில்லாமல் திறந்துவிடும். எல்லாம் திறக்காது. டிஎக்ஸ்ஓ மாதிரி கேமராவைத் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவையும் உண்டு. நிகான் இசட்9 போன்ற கேமராக்களில் ஹை எஃபிஷியன்சி என்றொரு ரா சுருக்கம் இருக்கிறது. திறந்த மூல மென்பொருள்கள் அதைத் திறக்காமல் போகலாம் என்பதால், அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் அதைத் தவிர்த்து லாஸ்லெஸ் கம்ப்ரெஷனையே வைத்துக்கொள்வது நல்லது.

கணினிச் செலவையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். டார்க்டேபிள் ஒவ்வொரு பிக்சலையும் நான்கு எண்களாக, எண்ணுக்கு 4 பைட்டாக வைத்துக் கணக்கிடுகிறது. 24 மெகாபிக்சல் படம் நினைவகத்தில் விரியும்போது 384 எம்பி. மாட்யூலுக்கு மாட்யூல் இது கைமாற, குறைந்தது இரண்டு பிரதியாவது வேண்டும். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்துக்கொண்டு எடிட் செய்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. கிராபிக்ஸ் கார்டிலும் கணக்குப் போட வைக்கும் ஓபன்சிஎல்லை ஆதரிக்கும் சுமாரான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேகம் பல மடங்கு கூடும். டீப் பிரைமுக்கு நல்ல கார்டு கட்டாயம் மாதிரிதான்; இல்லையென்றால் ஒரு படம் முடிவதற்குள் எழுந்துபோய் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். மென்பொருளில் மிச்சம் பிடித்த காசை திரையின் நிறத்தைச் சரிசெய்ய உதவும் மானிட்டர் கேலிபரேட்டரில் போடுவது என் சிபாரிசு. கருவிக்குத்தான் காசு; அதை இயக்கும் ஆர்கில்சிஎம்எஸ்ஸும் டிஸ்ப்ளேகேலும் இலவசம்.

போனில் ரா எடுப்பவர்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2014-இலிருந்தும் ஐபோனில் 2016-இலிருந்தும் டிஎன்ஜி எடுக்க வழி இருக்கிறது, கூகுளின் ஸ்னாப்சீட் செயலி அதை அப்படியே திறக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருகிறேன். கட்டண மென்பொருளின் சோதனைக் காலத்தை ஆர்வக் கோளாறில் இன்றே தொடங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் சேகரிப்பிலிருந்தே வம்பு பிடித்த படங்களாகக் கொஞ்சம் எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, ஐஎஸ்ஓ ஏற்றி இருட்டில் எடுத்த ஒன்று, அடர்சிவப்புப் பூ ஒன்று, பல தோல் நிறங்கள் இருக்கும் குழுப்படம் ஒன்று, இலை நிறைந்த மரம் ஒன்று. சிவப்புப் பூவை விட்டுவிடாதீர்கள். இதழின் நரம்பெல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிறதா இல்லையா என்பது நிறத்தைக் கையாளும் திறமைக்கு நல்ல பரீட்சை. கேமரா நிறுவனத்தின் மென்பொருளில் இவற்றை எடிட் செய்து வைத்துக்கொண்டு, அதையே அளவுகோலாக வைத்து மற்றவற்றைப் பாருங்கள். சோதனைப் பதிப்பை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.

அப்புறம், வெளியேறும் செலவுக்கு ஒரு சின்னச் சோதனை. எடிட் செய்த படத்தையும் அதன் பக்கத்தில் இருக்கும் குறிப்புக் கோப்பையும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து, அங்கே அதே மென்பொருளைப் புதிதாக நிறுவித் திறந்து பாருங்கள். எடிட்கள் அப்படியே வந்தால் உங்கள் உழைப்பு படத்தோடு கூடவே இருக்கிறது என்று அர்த்தம். வெறும் ரா மட்டும் திறந்தால் குறிப்புகள் வேறெங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தையும் பேக்கப்பில் சேர்க்க வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கில் இதை மாற்ற வழி இருக்கிறது. கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். நிறுவும்போது அது ஆஃபில்தான் இருக்கும்.